வடைச்சட்டியில் மிஞ்சிய எண்ணெய்

அன்புள்ள கயல்விழிக்கு,

உயிரி டீசல் புராஜெக்டுக்குக் காட்டாமணக்கு எண்ணெயை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. 2003-ல் திட்டக் குழு அதைப் பரிந்துரைத்தபோது, தரிசில் போட்டாலே விளையும் என்று பேச்சு. தண்ணீர் இல்லாத இடத்தில் செடி பிழைத்தது. காய்தான் சரியாகப் பிடிக்கவில்லை. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் டிஎம்வி என்று பெயரிட்டு ரகம் ரகமாகக் கொடுத்த மல்லாட்டையும் எள்ளும் வாய்க்குப் போகவேண்டியவை. சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் இறக்குமதி செய்கிற நாட்டில் அதை எஞ்சினில் ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரும்வரை பைபாஸ் ஓரம் எத்தனை ஓட்டல்! அங்கே பொரித்து மிஞ்சும் எண்ணெயை எடு. துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெயில் சமைக்கக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அதை வாங்கி உயிரி டீசலாக்க அடுத்த மாதமே 'ரூகோ' திட்டமும் வந்தது. ஆனாலும் கறுத்த எண்ணெயை மலிவாக வாங்கி மறுபடி பொரிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

புது எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 60 டிகிரியில் கலக்கினால், ஒரு மணி நேரத்தில் மேலே டீசல், அடியில் கிளிசரின். பொரித்த எண்ணெய் அப்படி மசியாது. அதில் பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலத்தைக் காஸ்டிக் பிடித்துச் சோப்பாக்கிவிடும். குடுவை முழுக்கக் கொழகொழவென்று நிற்கும். அதனால் முதலில் டைட்ரேஷன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எண்ணெயைக் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும்வரை காஸ்டிக் விடு. அளவு கூடுதலாக இருந்தால், முதலில் கந்தக அமிலத்தை வைத்து அந்தக் கொழுப்பு அமிலத்தை எஸ்டராக்கு, காஸ்டிக் அப்புறம்.

பெரிய ஆலைகள் ஹைட்ரஜனை அழுத்தத்தில் சேர்த்து, 300 டிகிரிக்கு மேல் நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியில் ஓட்டுகின்றன. ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் கழன்றுவிடும். மிஞ்சுவது பெட்ரோலிய டீசலில் உள்ள அதே ஹைட்ரோகார்பன். இன்னும் கொஞ்சம் பக்குவப்படுத்தினால் விமானத்துக்கும் ஆகும். 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் கலந்தது காட்டாமணக்கு எரிபொருள். 2025-ல் இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை சர்வதேசச் சான்று வாங்கியதோ பொரித்த எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருளுக்கு.

அந்தப் பெரிய ஆலைகளின் வினையூக்கிக்கு எமன் யார் தெரியுமா? வடையில் போட்ட உப்பு. சோடியமும் பாஸ்பரஸும் அதன் நுண்துளைகளை அடைக்கும், குளோரைடு குழாயை அரிக்கும். ஆளாளுக்குப் புது வினையூக்கி கண்டுபிடிக்கக் கிளம்புகிறார்கள். டிரம்மில் வந்து இறங்குகிற எண்ணெயை மலிவாகச் சுத்தம் பண்ண யோசிக்கிறவர்கள் குறைவு. நீ அதைச் செய். பஜ்ஜிக் கடை, சிக்கன் கடை, சிப்ஸ் கடை என்று தனித்தனியாக மாதிரி வாங்கு. ஒவ்வொன்றிலும் அமிலம், ஈரம், உப்பு எவ்வளவு என்று பார். வெந்நீரில் கழுவினால் எவ்வளவு குறைகிறது என்றும் எழுது.

மெத்தனாலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதே. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயமாகப் பல பேர் உயிரை வாங்கியது அதுதான். லேபில் பூட்டி வை, மில்லிக் கணக்கு எழுது, புகைபோக்கி ஓடும்போது மட்டும் திற. முதல் டைட்ரேஷன் அளவுகள் வந்ததும் அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா