நாற்பது வயதில் படித்தால் மனதில் நிற்குமா?

மாலை நேரக் கணினி வகுப்பு, தையல் பயிற்சி, தொலைநிலைக் கல்வியின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, மகளிர் சுயஉதவிக் குழுவுக்கான கணக்குப் பயிற்சி என்று, வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஒரே பெஞ்சில் எட்டாவதோடு நின்றவரும் பட்டதாரியும், இருபது வயதுப் பையனும் ஐம்பதைத் தாண்டிய அம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் படித்தது அடுத்த மாதம் நினைவில் இல்லையென்றால் பழியை அவர்கள் தலையிலேயே போட்டுவிடுகிறோம். ஆனால் மறதிக்குப் பெரும் காரணம் கற்பிப்பவர்கள் கைவிடாமல் வைத்திருக்கும் சில நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை 1: வயது ஏறினால் படிப்பு ஏறாது.

உண்மை: ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று சொல்லியே பலரை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டோம். மனதின் திறன்கள் எல்லாம் ஒரே வயதில் உச்சம் தொட்டு ஒன்றாக இறங்குவதில்லை. ஜோசுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, தகவலை வேகமாகக் கையாளும் திறன் இருபது வயதையொட்டியே உச்சத்துக்கு வந்துவிடுகிறது. சொல்வளமோ அறுபதுகள் வரை வளர்கிறது. ஐம்பது வயதுக்காரருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம், அவ்வளவுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இதற்குக் கண்கூடான சான்று. கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் எழுத்துக் கற்றார்கள். அதே காலத்தில் பெரும் எண்ணிக்கையில் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். புதிதாகக் கற்ற எழுத்தைப் புழங்க வாய்ப்பில்லாவிட்டால் அது மெல்ல நழுவிவிடும் என்பதையும் எழுத்தறிவு இயக்கங்கள் உணர்ந்திருந்தன. அவற்றின் பின்னே தொடர்கல்வித் திட்டங்கள் வந்ததற்குக் காரணம் அதுவே.

நம்பிக்கை 2: சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவரவர் பாணிக்கேற்ப நடத்த வேண்டும்.

உண்மை: ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் இதற்கான ஆதாரங்களைத் தேடிப் பரிசீலித்தார்கள். பாணிக்கேற்ப நடத்தினால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஒருவருக்குப் படம் பிடிக்கலாம், இன்னொருவருக்குப் பேச்சு பிடிக்கலாம். ஆனால் முறையைத் தீர்மானிக்க வேண்டியது பாடம்தான். துணி வெட்டுவதைப் பார்த்துச் செய்துதான் பழக முடியும். உச்சரிப்பைக் கேட்டுச் சொல்லித்தான் பழக முடியும்.

வகுப்பில் உள்ளவர்களை உண்மையிலேயே வேறுபடுத்துவது அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பது. டேலி கணக்கு மென்பொருள் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை நடத்துபவருக்குப் பற்று வரவு அத்துப்படி, கீபோர்டு புதிது. பி.காம். முடித்த பெண்ணுக்குக் கணினி பழக்கம், கடையின் பில் புத்தகம் புதிது. புதியவருக்கு ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டுவது கைகொடுக்கிறது. அதே விளக்கம் விஷயம் தெரிந்தவருக்குச் சுமையாகிவிடுகிறது என்பதை ஸ்லாவா கல்யூகா, ஜான் ஸ்வெல்லர் போன்றோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, யாருக்கு எது தெரியும் என்று முதல் நாளே கேட்டறிவது கட்டாயம்.

நம்பிக்கை 3: படித்தால் 10 விழுக்காடு, கேட்டால் 20, செய்தால் 90 விழுக்காடு நினைவில் நிற்கும்.

உண்மை: இந்த எண்களை எட்கர் டேலின் ‘அனுபவக் கூம்பு’ என்ற பெயரில் காட்டுகிறார்கள். டேல் 1946இல் வெளியிட்ட கூம்பில் எந்த விழுக்காடும் கிடையாது. எண்கள் பின்னால் பிறர் ஒட்டியவை. செய்து பழகுவது நல்லதுதான். அதற்குப் பொய்க் கணக்கின் துணை வேண்டாம்.

நம்பிக்கை 4: திரும்பத் திரும்பப் படித்தால் பதிந்துவிடும்.

உண்மை: ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனை இதை உடைத்தது. ஒரு சாரார் ஒரு பகுதியை இருமுறை படித்தார்கள். மறுசாரார் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. இருமுறை படித்தவர்கள் 42, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56.

நினைவிலிருந்து ஒன்றை மீட்டெடுக்கும் முயற்சியே அதை உறுதிப்படுத்துகிறது. ஆனால் பரீட்சை பயத்தால் பள்ளியை விட்டவர்கள் பெரியவர்களில் நிறையப் பேர். அவர்களிடம் இதைத் தேர்வாக நடத்தக் கூடாது. மதிப்பெண் வேண்டாம், பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம். “போன வகுப்பில் பார்த்ததில் மூன்று விஷயம் சொல்லுங்கள்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னால் போதும். எழுதத் தயங்குபவரும் வாயால் சொல்லிவிடுவார்.

நம்பிக்கை 5: ஒரே மூச்சில் முடித்துவிட்டால் நல்லது.

உண்மை: வேலைக்குப் போகிறவர்களுக்காக இரண்டு நாளில் முழுப் பாடத்தையும் திணிக்கும் பயிற்சிகள் இந்த எண்ணத்தில் எழுந்தவை. ஆலன் பேட்லி, டி.ஜே.ஏ. லாங்மன் இருவரும் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்து ஆராய்ந்து 1978இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களுக்கு விசைப்பலகை வசப்பட மொத்தம் ஏறத்தாழ 35 மணி நேரம் ஆனது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கோ ஏறத்தாழ 50 மணி நேரம்! ஆனால் அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சியில் குறைந்த திருப்தி கொண்டிருந்தார்கள். நாள் கணக்கில் மற்றவர்களைவிடப் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது.

வார இறுதியில்தான் வகுப்பு நடத்த முடியும் என்றால் நடத்துங்கள். அதன் பிறகு செவ்வாயன்று இரண்டு கேள்வி, அடுத்த வாரம் இரண்டு கேள்வி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீண்ட காலம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் இடைவெளியையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும்.

நம்பிக்கை 6: ஒன்றை முழுக்க முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

உண்மை: டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் சில திண்ம உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்து வரிசையாகப் போட்டவர்கள் 20 விழுக்காட்டுக்குச் சரிந்தார்கள், கலந்து போட்டவர்கள் 63இல் நின்றார்கள்.

காரணம் எளிது. ஒரே வகையாக வரும்போது எந்த வழியைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வாழ்க்கையில் கணக்கு தலைப்பு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அடிப்படை புரிந்ததும், பழைய பாடத்தின் இரண்டு கணக்கைப் புதிய பாடத்தோடு கலந்து கொடுங்கள்.

நம்பிக்கை 7: புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் வகுப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும்.

உண்மை: மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது கொஞ்சமே. வாக்கியத்தை அவிழ்ப்பதிலேயே அது தீர்ந்துவிட்டால் கருத்துக்கு இடமில்லை. கருத்தைத் தமிழில் விளக்கி, கேட்பவரையும் தன் சொல்லில் விளக்கச் சொல்லி, பிறகு ஆங்கிலச் சொல்லைச் சேருங்கள். படிக்கும் ஒவ்வொரு வரியையும் தனக்குத்தானே விளக்கிக்கொள்பவர்கள் ஆழமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று மிஷலின் சி 1994இல் பள்ளி மாணவர்களிடம் கண்டறிந்தார்.

நம்பிக்கை 8: எல்லோரும் தலையாட்டினார்கள் என்றால் பாடம் ஏறிவிட்டது.

உண்மை: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழுவினர் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. தாங்களே முயன்று கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக மாணவர்கள் நம்பினார்கள். அஞ்சல் ஊழியர்களுக்கு நேர்ந்த அதே மயக்கம்தான் இது. எளிதாகப் போகும் வகுப்பு நிறைவைத் தருகிறது. தடுமாறி யோசித்த வகுப்பு நினைவில் நிற்கிறது.

ஆகவே, தடுமாற்றம் தோல்வி அல்ல என்பதைக் கற்பவர்களிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ‘எனக்கு மண்டையில் ஏறவில்லை’ என்று அவர்கள் நின்றுவிடுவார்கள். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தைப் பழையதை நினைவுகூரவும், கடைசி ஐந்து நிமிடத்தை அன்றையதைச் சொந்தச் சொல்லில் சொல்லவும் ஒதுக்குங்கள். கூலி நாளை விட்டுவிட்டு வருகிறவருக்கு நாம் தரவேண்டிய குறைந்தபட்ச மரியாதை, அவர் கற்றது அவரிடமே தங்கும்படி கற்பிப்பதுதான்.