சிறு வள்ளத்தில் எழுந்து நின்று மீன் பிடித்தல்: வள்ளம் சாயாதிருக்கச் செய்ய வேண்டியவை

வரண்ட வலயத்துக் கமக்காரர் பலருக்குக் குளம் நெல்லை மாத்திரமன்றிக் கறியையும் தருகின்றது. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் பெருகிய பின்னர், அறுவடை முடிந்த ஓய்வு நாட்களில் சிறு வள்ளமேறி வலை வீசுவதும் தூண்டில் இடுவதும் குளத்தையண்டிய கிராமங்களில் வழக்கமாயின. இருந்துகொண்டு வீசும் வலை நன்கு விரியாது. நிற்பவருக்கோ மீனின் நடமாட்டமும், நீருள் மறைந்து நிற்கும் பட்ட மரங்களின் குற்றிகளும் தெளிவாகத் தோன்றும். ஆகவே எழுந்து நிற்பது தேவையே. ஆனால் ஒடுங்கிய வள்ளத்தில் ஆயத்தமின்றி எழுந்து நிற்பது உயிருக்கே ஆபத்தாகும். இப்பிரசுரத்திற் கூறப்படும் முறைகள் மரத் தோணிக்கும், கண்ணாடிநார் வள்ளத்துக்கும், இக்காலத்திற் கிடைக்கும் பிளாஸ்டிக் கயாக்குக்கும் பொருந்தும்.

வள்ளம் ஏன் கவிழ்கிறது?

நெல் மூட்டைகளை மிக உயரமாக அடுக்கிய வண்டி வரம்பிலேறும்போது சரிவதைக் கண்டிருப்பீர்கள். பாரம் உயர உயரச் சரிவும் எளிதாகும். வள்ளத்திலும் இதுவே நிகழ்கிறது. நீங்கள் இருக்கும்போது உங்கள் பாரம் வள்ளத்தின் அடியையண்டி நிற்கும். எழுந்து நின்றால் அது தொப்புளுக்குச் சற்றுக் கீழேயுள்ள உயரத்துக்கு ஏறிவிடும். சிறு வள்ளம் பெரும்பாலும் அதிலேறும் மனிதரிலும் பாரங் குறைந்ததாகையால், உங்கள் உடலின் அசைவே வள்ளத்தின் அசைவாகின்றது.

சாய்வை எதிர்த்து நிற்பது வள்ளத்தின் அகலமே. நீளமும் வடிவமும் ஒத்த இரு வள்ளங்களுள் ஒன்று 24 அங்குல அகலமும் மற்றது 30 அங்குல அகலமும் உடையவாயின், அகன்றதன் எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். 6 அங்குலத்தால் விளையும் பயன் இவ்வளவு பெரிதென்பதை வள்ளம் வாங்கும்போதே நினைவிற் கொள்க. வள்ளம் நெடுக்காகச் சாய்வது மிக அரிது, குறுக்காகவே கவிழும். ஆகையால் வலையை முன்னணியத்தை நோக்கி வீசுக; பக்கவாட்டில் வீசற்க.

பக்க மிதவை கட்டுதல்

உள்ள வள்ளத்தை அகலமாக்க இயலாது. ஆயினும் அதற்குப் பக்க மிதவை கட்டலாம். எமது நாட்டுக் கடற்கரையோரங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒருபக்க மிதவை வள்ளங்கள் இதற்குச் சான்றாகும்.

மிதவையின் வலிமை அதன் பருமனில் மாத்திரமன்றி, அது வள்ளத்தின் நடுவிலிருந்து நிற்கும் தூரத்திலும் தங்கியுள்ளது. 60 கிலோ பாரமுள்ள ஒருவர் நடுக்கோட்டிலிருந்து 1 அடி விலகி நிற்கின்றார் என்போம். அவர் சாய்க்கும் அளவு 60 × 1 = 60. மூடி இறுக அடைத்த 20 லீற்றர் வெறுங் கலன் முழுவதும் அமிழும்போது ஏறக்குறைய 20 கிலோ பாரத்தைத் தாங்கும். அதை நடுவிலிருந்து 4 அடி தூரத்திற் கட்டினால் தாங்கும் அளவு 20 × 4 = 80 ஆகும்; அலைக்கும் வலையின் இழுப்புக்கும் சிறிது மிஞ்சும். அதே கலனை 2 அடி தூரத்திற் கட்டினால் 40 மாத்திரமே கிடைக்கும், அது போதாது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. ஒரு பக்கம் மாத்திரம் மிதவை இருந்தால், நீங்கள் மற்றப் பக்கம் சாயும்போது அது நீரைவிட்டு மேலெழும். அப்போது வள்ளத்தைக் காப்பது மிதவையின் சொந்தப் பாரமே. 15 கிலோ பாரமுள்ள மரக்கட்டை 4 அடி தூரத்தில் 60 அளவுக்கு எதிர்த்து நிற்கும். 1 கிலோ பாரமுள்ள வெறுங் கலனோ 4 அளவுக்கே நிற்கும். ஆகவே ஒற்றை மிதவை கட்டுவோர் பாரமான கட்டையையே கட்டுதல் வேண்டும். கலனோ அடைத்த குழாயோ கட்டுவோர் இரு பக்கமும் கட்டுதல் வேண்டும்.

கட்டும் முறை:

1. இரண்டு உறுதியான மூங்கில்களை, ஒன்று நீங்கள் நிற்கும் இடத்துக்கு முன்னும் மற்றது பின்னுமாகக் குறுக்கே வைக்கவும்.
2. ஆணி அடிக்காது நைலோன் கயிற்றால் இறுகக் கட்டவும். கயிற்றுக் கட்டு அலைக்குச் சிறிது இசைந்து கொடுக்கும். ஆணி மரத்தைப் பிளக்கும்.
3. இரு பக்க மிதவையாயின், நீங்கள் வள்ளத்தின் நடுவில் நிற்கும்போது அவை நீர்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்குமாறு அமைக்கவும். துடுப்பு வலித்தல் இலகுவாகும்.
4. ஒற்றைக் கட்டையாயின், அது எப்போதும் நீரிற் படிந்திருத்தல் வேண்டும். மாதந்தோறும் அதைக் கரையிலேற்றி உலர்த்துக.
5. ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் கட்டுகளையும் கலன் மூடிகளையும் சோதிக்கவும்.

அடிப்பாரம்

வள்ளத்தின் அடியிற் பாரமிட்டால் ஆட்டம் குறையும். ஆயினும் கல் இடுதல் நன்றன்று. அது உருளும், நீர் புகுந்தால் வள்ளத்தை ஆழத்துக்கு இழுக்கும். கலன்களில் நீரை முற்றாக நிரப்பி மூடி, நடுக்கோட்டில் அசையாது கட்டுக. வள்ளத்தில் நீர் புகுந்தாலும் அக்கலன்கள் அதனை அமிழ்த்தமாட்டா. அரைவாசி நிரப்பிய கலன் தீங்கானது. உள்ளே நீர் ஒரு பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். வள்ளத்தினுள் தேங்கும் நீரும் அவ்வாறே செய்யும். அதை உடனுக்குடன் இறைத்துவிடுக. முன்னணியத்திலும் பின்னணியத்திலும் வெறுங் கலன்களைக் கட்டி வைத்தால், கவிழ்ந்த வள்ளமும் மிதந்து நிற்கும்.

எழுந்து நிற்கும் முறை

முதலிற் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுக. இரு கைகளாலும் இரு விளிம்புகளையும் பிடித்துக் குந்தியிருக்கவும். பாதங்களை நடுக்கோட்டின் இரு புறமும் தோளகலத்துக்கு வைத்து, ஆட்டம் அடங்கிய பின் மெதுவாக எழவும். முன்னணியத்திற் கட்டிய ஒரு கயிற்றைப் பிடித்தெழுதல் இன்னும் நன்று. முழங்கால்கள் சற்று மடிந்திருக்கட்டும். பார்வை காலடியில் நில்லாது தூரக் கரையில் நிற்கட்டும். இடுப்புக்குக் கீழே வள்ளத்தோடு ஆடுக. இடுப்புக்கு மேலே நிமிர்ந்து நிற்க. நிலை தவறுவதாகத் தோன்றினால் விளிம்பை எட்டிப் பிடிக்க முயலாது உடனே குந்திவிடுக. சிக்கிய வலையை நின்றபடி இழுத்தலும் ஆகாது, இருந்துகொண்டு இழுக்கவும்.

பரீட்சித்துப் பார்த்தல்

முதல் நாளே ஆழத்துக்குச் செல்லாதீர்கள். முதலையும் குற்றியும் இல்லாத இடமெனத் தெரிந்த அலைகரையில், இடுப்பளவு நீரில், ஒருவர் அருகே நிற்க, எழுவதையும் சாய்வதையும் பழகுக. பின்னர் வேண்டுமென்றே வள்ளத்தைக் கவிழ்த்து, அதை நிமிர்த்தி மீண்டும் ஏறிப் பழகுக. ஏற முடியாதவர் ஆழ்நீரில் எழுந்து நிற்றலாகாது.

தவிர்க்க வேண்டியவை

- துருசு திறந்திருக்கும்போதும் வான் பாயும்போதும் அவற்றின் அருகே செல்லுதல்.
- பலத்த காற்று வீசும்போது நின்று மீன் பிடித்தல். பெருங் குளங்களில் அலை விரைவில் எழும்.
- தனியே செல்லுதல். மது அருந்திச் செல்லுதல்.
- வலைக் கயிற்றைக் கையிற் பலமுறை சுற்றுதல். ஒரே இழுப்பிற் கழலும் சுருக்கே போதும். இடுப்பில் ஒரு கத்தி இருக்கட்டும்.

உயிர்காப்பு அங்கியை வள்ளத்தில் வைத்திருத்தல் பயன் தராது. அதை அணிந்திருத்தல் வேண்டும். நீந்தத் தெரிந்தவரையும் வலையும் தாமரைக்கொடியும் பிணித்துவிடும். கவிழ்ந்தால் வள்ளத்தைவிட்டுக் கரைக்கு நீந்த முயலாது, அதைப் பற்றிக்கொண்டு உதவிக்கு அழைக்கவும்.

கமக்காரர்களே! இரண்டு மூங்கிலும், சில வெறுங் கலன்களும், ஒரு சுருள் கயிறும் பெருஞ் செலவன்று. இன்று மீன் அகப்படாவிடின் நாளை அகப்படும். அடுத்த போகத்துக்கு வயலில் இறங்க வேண்டியவர் நீங்கள். வள்ளத்தைச் செப்பனிட்ட பின்னரே அதில் எழுந்து நில்லுங்கள்.