சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்கு: ஒரு டபுள் கிளிக் செய்த கோளாறு

புதிதாக ஒரு ஃபைல் கிடைத்தால் உடனே அதன் மேல் டபுள் கிளிக் செய்து பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சாஃப்ட்வேர் இன்ஜினியரான எனக்கும் உண்டு. அதனால் நான் பட்ட அவஸ்தையிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

ஓய்வு நேரத்தில் ஒரு ரத்ததானக் குழுவின் பட்டியலை நான் பராமரிக்கிறேன். மூன்று ஊர்களில் உள்ள கிளைகள் மாதம் ஒருமுறை தங்கள் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாகப் பொதுவான ஒரு சர்வரில் வைத்துவிடும். நான் அவற்றை இறக்கி ஒரே டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து ஃபைல்தான். ஒரு வரிக்கு ஒருவர்; பெயர், ரத்த வகை, போன், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்ற விவரங்களுக்கு நடுவே கமா.

முதலில் ஃபைலை இறக்குவோம். முன்பு பிரவுசரிலேயே எஃப்டிபி முகவரியை டைப் செய்தால் போதும். 2021ல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அந்த வசதியை நீக்கிவிட்டன. (எஃப்டிபிக்கு 1971ல் முதல் வரைவை எழுதிய அபய் பூஷண் நம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர்.) சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே செல்லும். பிறருடைய போன் நம்பர்கள் உள்ள பட்டியலுக்கு அது சரிப்படாது. இலவசமாகக் கிடைக்கும் ஃபைல்ஸில்லாவை நிறுவி, மேலே ஹோஸ்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து, போர்ட் என்ற இடத்தில் 22 என டைப் செய்து குயிக்கனெக்ட்டை அழுத்துங்கள். 22 என்றால் பாதுகாப்பான எஸ்எஃப்டிபி. சர்வரிலும் அந்த வசதி இருக்க வேண்டும். வலப்பக்கம் சர்வர், இடப்பக்கம் உங்கள் கம்ப்யூட்டர். வலப்பக்க ஃபைலை இடப்பக்கம் இழுத்து விடுங்கள். இரண்டு பக்கமும் ஃபைலின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இங்கேதான் நான் தவறினேன். 2023 அக்டோபரில், இறக்கிய ஃபைலை எக்ஸெலில் திறந்தேன். வருடம் முதலில் வரட்டும் என்று தேதி காலத்தின் ஃபார்மட்டை மாற்றி சேவ் செய்தேன். என் லேப்டாப்பில் இருந்ததோ அமெரிக்கத் தேதி முறை. 05/09/2023, அதாவது செப்டம்பர் 5, மே 9 ஆகிவிட்டது. 25/09/2023 போன்றவை மட்டும் மாறாமல் நின்றன. 25வது மாதம் கிடையாதே! அதைப் பார்த்தாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் 90 நாள் இடைவெளி விட வேண்டும். ஒரு நாள் இரவு 11 மணிக்கு, அவசரமாக ஓ நெகட்டிவ் வேண்டும் என்று அழைப்பு. டேட்டாபேஸ் கொடுத்த ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "போன மாசம்தானே தம்பி கொடுத்தேன்?" நான்காவது ஆள் கிடைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட அரை மணி நேரம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் செய்யும் முறை இது. எக்ஸெல் பக்கமே போவதில்லை. டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச புரோகிராமில் நியூ டேட்டாபேஸ் கொடுத்து, டேபிளை நானே உருவாக்குகிறேன். எல்லாக் காலங்களுக்கும் டெக்ஸ்ட் வகை, போன் நம்பருக்கும்தான். இன்டிஜர் என்று கொடுத்தால் 044ல் தொடங்கும் சென்னை நம்பரின் முன் பூஜ்யம் காணாமல் போகும். கொடையாளர் எண்ணை, கிளையின் எழுத்தோடு சேர்த்து, பிரைமரி கீ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே ஃபைலைத் தெரியாமல் இருமுறை ஏற்றும்போது பத்துப் பேர் இருபது பேராகத் தெரிவார்கள்.

பிறகு ஃபைல் மெனுவில் இம்போர்ட், டேபிள் ஃப்ரம் சிஎஸ்வி. டேபிள் பெயரை அதே பெயராகக் கொடுங்கள். முதல் வரி தலைப்பு என்பதற்கு டிக், பிரிப்பான் கமா, என்கோடிங் யுடிஎஃப்-8. என்கோடிங் மாறினால் தமிழ்ப் பெயர்கள் புரியாத கிறுக்கல்களாக வரும். மறு மாதம் ஏற்றும்போது அட்வான்ஸ்டு பகுதியில், பழைய வரியை நீக்கிப் புதியதை வைக்கும் ரீப்ளேஸ் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. 2023-09-05 என வருடம், மாதம், நாள் வரிசையில் எழுத்தாக வைத்தால் போதும், முன்பின் வரிசை தானாகச் சரியாக வரும். எனவே ஏற்றிய பின் அப்டேட் கட்டளையில் சப்ஸ்டர் ஃபங்ஷனைக் கொண்டு 7வது எழுத்திலிருந்து 4 எழுத்து, 4வதிலிருந்து 2, முதலிலிருந்து 2 என வெட்டி, நடுவே சிறு கோடு வைத்து ஒட்டுகிறேன். சாய்கோடு உள்ள வரிகளில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே மாற்றியதை மீண்டும் வெட்டினால் குழப்பம்தான்.

முடித்ததும் நோட்பேடில் சிஎஸ்வியின் கடைசி வரி எண்ணைப் பார்த்து, தலைப்புக்கு ஒன்றைக் கழித்து, அந்தக் கிளையின் பெயர்கள் டேபிளில் எத்தனை என்று ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் ரைட் சேஞ்சஸ் பட்டனை அழுத்துங்கள். அதை அழுத்தும்வரை எதுவும் ஃபைலில் எழுதப்படாது. எண்ணிக்கை இடித்தால் பக்கத்திலுள்ள ரிவெர்ட் சேஞ்சஸ் இருக்கிறது.