பாட்டில் புதினா ஏன் அழுகுகிறது?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மண்தொட்டி வைக்க இடமில்லை. சமையலறை ஜன்னலோரம் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட்டும் புதினாவும் வைத்தேன். மணிபிளான்ட் நன்றாகப் படர்கிறது. புதினா வெள்ளை வேர் விட்டு ஆசை காட்டிவிட்டு, இப்போது இலை வெளுத்து, வேர் கொழகொழத்து நாறுகிறது. சத்துக்காக அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுகிறேன். ஊரில் அம்மா செடிகளுக்கு அதைத்தான் ஊற்றுவார். எங்கே தவறு?

பதில்: அரிசி களைந்த தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். அம்மாவின் செடிக்கு அது உரமாவது மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களால்தான். அவை அதைச் சிதைத்து, வேர் உறிஞ்சக்கூடிய உப்புகளாக மாற்றித் தருகின்றன. உங்கள் பாட்டிலில் அந்த வேலை நடப்பதில்லை. மாவு புளிக்கிறது, கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. சென்னை வெயிலும் சேர்ந்துகொள்கிறது: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மணிபிளான்ட் இதையெல்லாம் தாங்கும். வேகமாகத் தழைக்கும் புதினா தாங்காது.

புதுக் கொம்புகளை நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, கழுவிய பாட்டிலில் மறுபடி தொடங்குங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் பாட்டிலைச் சுற்றிக் கனமான தாளை ஒட்டிவிடுங்கள். வாய்ப்பகுதியில் ஸ்பாஞ்சால் தண்டைப் பிடித்து நிறுத்துங்கள். வேர்விட்ட பிறகு கழுத்துவரை தண்ணீர் நிரப்பவே கூடாது. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கட்டும். மேலே காற்றில் நிற்கும் வேர்கள் மூச்சுவிடும், நுனிவேர்கள் நீர் குடிக்கும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி பரப்பிய முறை இது. மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தண்ணீர் வெகுவாகக் குறைந்தால் பாதிவரை மட்டும் ஊற்றுங்கள்.

சத்து விஷயத்தில் உரக்கடையில் 19:19:19 வாங்கிவிடாதீர்கள். அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண் இல்லாத இடத்தில் அது வேருக்கு எளிதில் பயன்படாது. கால்சியமும் அதில் கிடையாது. மண்ணில்லாமல் நீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே 'ஏ', 'பி' என இரண்டாக விற்கும் உரத்தை வாங்குங்கள். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் கால்சியம், சல்பேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் சேர்ந்து பால் திரிவதுபோல் வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. முதலில் 'ஏ'யைத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள், பிறகு 'பி'. தொடக்கத்தில் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி போதும். உப்பேறிய போர்வெல் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ எடுங்கள். கரைசலின் அமில-கார அளவான பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கட்டும்.

ஜன்னலில் நேரடி வெயில் சில மணி நேரமாவது விழ வேண்டும். விழாவிட்டால் செடிக்குச் சற்று மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பகல் முழுக்க எரியவிடுங்கள். இல்லையென்றால் புதினா நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும், மணமும் குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான் தேடி வரும். புதினா பாட்டிலின் வாயை இடைவெளியில்லாமல் அடையுங்கள். மணிபிளான்ட் தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றுங்கள்; மாற்றும்போது பாட்டிலின் உட்புறத்தை பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.