இரண்டு வல்லரசுகளும் மூன்று தீவுகளும்

பாப்பாமோட்டை,
மன்னார்.

அன்புள்ள பெறாமகளுக்கு,

சீனா எங்களுக்கு நண்பனா, எதிரியா என்று கேட்டு எழுதியிருந்தாய். உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்தியாவும் சீனாவும் எங்கள் கடலில் போட்டி போட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் எங்களுக்கு ஏதாவது கிடைக்கும்தானே என்று எழுதியிருக்கிறாய். கொழும்பில் இருக்கிற பெரிய ஆக்களும் இப்படித்தான் கதைக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வல்லரசுகளின் போட்டி சிறிய நாட்டுக்குத் தானாக எதையும் கொண்டுவருவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று முதலே முடிவெடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி விலை கேட்கிற அரசுக்கு மட்டுமே அந்தப் போட்டி பயன்படும். அப்படியொரு அரசு இல்லாத இடத்தில், ஒருவர் செய்ய வந்ததை மற்றவர் தடுப்பதோடு காரியம் முடிந்துவிடும். எங்கள் கரையோரத்தில் நடந்தவற்றை வைத்தே இதைச் சொல்கிறேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு சேராத தீவுகள். டீசல் இயந்திரங்களை ஓட்டித்தான் அங்கே மின்சாரம் கொடுத்துவந்தார்கள். எரிகிற ஒவ்வொரு லீற்றர் டீசலும் கடல் தாண்டிப் போகவேண்டும். காற்றுக்கும் வெயிலுக்கும் அங்கே குறைவில்லை என்பதால், இரண்டையும் மின்கலத்தோடு இணைத்து ஒரு திட்டம் போட்டார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், முறைப்படி கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. சீனாவின் சினோசோர்-எடெக்வின் கூட்டு நிறுவனம் அதை வென்றது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. நெடுந்தீவிலிருந்து ராமேசுவரம் 50 கிலோமீற்றருக்குள்ளேதான். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த வருடம் டிசம்பர் தொடக்கத்தில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்தப்படுவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின் நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்திருப்பதையும் கூடவே சொன்னது. 2022 மார்ச்சில் இந்தியா அதே மூன்று தீவுகளுக்கும் நன்கொடையாகத் திட்டத்தைச் செய்து தருவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதியது. 530 கிலோவாற் சூரிய சக்தி, 823 கிலோவாற் காற்றாலை என்று சுமார் 11 மில்லியன் டொலர் பெறுமதியான அந்த வேலையை பெங்களூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட 2024 மார்ச் ஆகிவிட்டது. அமைச்சரவை அனுமதிக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையில் மூன்று வருடங்களுக்கு மேல். கடனுக்குப் பதிலாக நன்கொடை கிடைத்ததே, அது போட்டியின் பலன்தானே என்று நீ கேட்கலாம். கிடைத்தது உண்மை. ஆனால் அந்த மூன்று வருடமும் டீசலுக்குக் கொடுத்த காசை யார் கணக்குப் பார்த்தார்கள்? டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டும் அதற்குள்தான் வந்துபோனது.

இனி, சீனா ஏன் இவ்வளவு தூரம் வருகிறது என்பதைப் பார்ப்போம். இங்கே வந்து தேடினால் இதற்கு விடை கிடைக்காது, சீனாவுக்குள்தான் பார்க்க வேண்டும். 1994இல் சீனா தன் எக்ஸிம் வங்கியையும் அபிவிருத்தி வங்கியையும் தொடங்கியது. ஏற்றுமதியால் டொலர் குவிந்தது. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது 4 ட்ரில்லியன் யுவானை உள்நாட்டு வேலைகளில் கொட்டியது. உருக்கும் சீமெந்தும் அளவுக்கு மிஞ்சிப் பெருகின. இன்று உலகத்தின் உருக்கில் பாதிக்கு மேல் சீனாவில்தான் உற்பத்தியாகிறது. சூரியத் தகடுகளில் அதன் பங்கு இன்னும் அதிகம். உள்நாட்டில் வேலை குறையும்போது அந்தப் பெரிய அரச நிறுவனங்களுக்கு வெளியே வேலை தேவை, வங்கிகளில் கிடக்கும் டொலருக்கு வட்டி தேவை. 2013இல் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் முதலில் கசகஸ்தானிலும் பிறகு இந்தோனேசியாவிலும் அறிவித்த பட்டுப்பாதைத் திட்டம், முன்பே ஓடிக்கொண்டிருந்த இந்த வேலைகளுக்கு ஒரு பெயரும் அரசியல் வடிவமும் கொடுத்தது. கட்சியும் அரசும் ஒருவர் கைக்குள் இறுகி, 2018இல் ஜனாதிபதிப் பதவிக்கால வரம்பும் நீக்கப்பட்ட பிறகு, பெய்ஜிங் ஒரே மனதோடு இயங்குகிறது என்று வெளியிலிருப்போர் நினைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தூதரகம் அரசியல் பேசுகிறது, வங்கி வட்டி பார்க்கிறது, கட்டுமான நிறுவனம் அடுத்த ஒப்பந்தத்தைத் தேடுகிறது. 2022இல் இலங்கை வங்குரோத்தானபோது, நட்பைப் பற்றி அவ்வளவு கதைத்த சீனாவின் வங்கி கடனைக் குறைக்க முன்வரவில்லை. ஒரு நாட்டுக்குக் குறைத்தால், கடன் வாங்கிய மற்ற நாடுகளும் அதையே கேட்கும் என்பது அதன் கவலை. அந்த வருடம் எரிபொருளுக்கும் மருந்துக்கும் சுமார் 4 பில்லியன் டொலர் அளவில் கைகொடுத்தது இந்தியா. அதை மறப்பது நன்றிகெட்ட செயல்.

அப்படியானால் சீனா விரித்தது கடன் பொறிதானே, அம்பாந்தோட்டையே சாட்சி என்பாய். பத்திரிகைகளில் அடிக்கடி வரும் இந்த வாதம் பாதிதான் சரி. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கேட்டது கொழும்பு. சீனா வருவதற்கு முன்னரே கனேடிய நிறுவனமும் டென்மார்க் நிறுவனமும் சாத்தியக்கூற்று அறிக்கை எழுதியிருந்தன. தன் சொந்த மாவட்டத்தில் துறைமுகம் வேண்டும் என்று அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச விரும்பினார், 2007இல் சீன எக்ஸிம் வங்கி முதற்கட்டத்துக்கு 307 மில்லியன் டொலர் கொடுத்தது. பட்டுப்பாதை என்ற பெயர் பிறக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. 2017இல் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்துப் பெற்ற 1.12 பில்லியன் டொலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை, வெளிநாட்டு நாணயக் கையிருப்பில் சேர்ந்தது. கடன் அப்படியே இருந்தது. 2021 முடிவில் வெளிக்கடனில் சீனாவின் பங்கு, அரச கூட்டுத்தாபனங்களின் கடனையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகள், அதுவும் அதிக வட்டிக்கு. ஆக, பொறியை ஒருவர் வைத்து நாங்கள் தெரியாமல் விழுந்தோம் என்பதை விட, திரும்பக் கட்ட வழி என்ன என்று பாராளுமன்றத்திலும் வெளியிலும் கேட்கப்படாமலே கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் பொருத்தம். சீனா அதில் குற்றமற்றது என்று நான் சொல்லவரவில்லை. வருமானம் தராத துறைமுகத்துக்குக் கேள்வி கேட்காமல் கடன் கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு.

கேட்டு வாங்கிய காலமும் இருந்தது. 1952இல் அரிசிக்கு உலகச் சந்தையில் விலை ஏறியது, றப்பருக்கு விலை விழுந்தது. கொரியப் போரின் காரணமாகச் சீனாவுக்கு றப்பர் விற்கத் தடை இருந்தது. அப்போது ஆட்சியில் இருந்த டட்லி சேனாநாயக்க அரசு கம்யூனிசத்துக்கு வெளிப்படையாக எதிரானது. சீனாவோடு தூதரக உறவும் கிடையாது, அது 1957இல்தான் வந்தது. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பெய்ஜிங்குக்குப் போய், வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி எடுப்பதென்று ஐந்து வருட ஒப்பந்தம் செய்தார். றப்பருக்குச் சந்தையைவிடக் கூடிய விலை, அரிசிக்குக் குறைந்த விலை. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது, ஒப்பந்தமோ புதுப்பிக்கப்பட்டுப் பல வருடம் நீண்டது. சீனாவின் தேவை என்ன, எங்கள் தேவை என்ன, எவ்வளவு, என்ன விலை என்று நான்கையும் எழுதிவைத்துப் பேசியதால்தான் இது நடந்தது. அந்த நாளில் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுத்துக்கொண்டிருந்த அரசும் இதுவே என்பதையும் சேர்த்துப் படி. வெளியே கெட்டித்தனமாகப் பேரம் பேசும் அரசு உள்ளே நீதியாக நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மன்னார்க் காற்றுக்கு வருவோம். எங்கள் ஊரூடாகப் போகும் ஏ-32 வீதியே மன்னாரையும் பூநகரியையும் இணைக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனத்தோடு 2022 மார்ச்சில் உடன்பாடு வந்தது. வட பகுதியில் சீனா கால் வைக்காமல் பார்ப்பதும் அதில் ஒரு நோக்கம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். போட்டி விலைமனு கோரப்படவில்லை. 2024 மேயில் அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று இருபது வருடத்துக்கு விலை தீர்மானித்தார்கள். 2025 ஜனவரியில் புதிய அரசின் அமைச்சரவை அந்த விலையை ரத்துச் செய்தது, அடுத்த மாதம் நிறுவனம் விலகியது. அதே வருடம் மன்னாரில் 50 மெகாவாற் காற்றாலைக்குப் போட்டி விலைமனு மூலம் உள்நாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்த விலை 4.65 சதம். இரண்டு திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் ஒன்றல்ல என்று ஒத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக முடியாது. எதிராளியைத் தள்ளிவைப்பதற்காகக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் விலையை யாரும் இறுக்கிப் பேசுவதில்லை. விலை குறைந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எண்ணாதே. வெள்ளம் வடியும் வழி, வலசை வரும் பறவைகள், கரைவலைப் பாடுகள் என்று தங்கள் கவலைகளைச் சொல்லி 2025இல் மன்னார்ச் சனம் தெருவில் இறங்கியது உனக்குத் தெரியும். அவர்களிடம் முதலே கேட்டிருக்க வேண்டும்.

நீ கேட்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. இந்தியா பக்கத்து நாடு, கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் மொழி பேசும் சனம், அதன் பாதுகாப்புக் கவலையில் நியாயம் இல்லையா? இருக்கிறது. தன் கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் எதிரி நாட்டு நிறுவனம் வந்தால் எந்த அரசும் விசாரிக்கும். ஆனால் அந்தக் கவலை தமிழராகிய எங்கள் உரிமைக்கான கவலை என்று மாற்றி எண்ணுவதில்தான் ஆபத்து. போர் முடிந்த 2009 மே மாதம் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்தியாவும் சீனாவும் சேர்ந்தே வாக்களித்தன. 2012இல் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது, 2014இலும் 2021இலும் ஒதுங்கி நின்றது. சீனா எப்போதும் கொழும்பின் பக்கமே நின்றது. 2021 டிசம்பரில், தீவுத் திட்டம் நின்ற சில நாட்களிலேயே, சீனத் தூதுவர் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் வந்து கடற்றொழிலாளருக்கு வலையும் உலர் உணவும் கொடுத்து, ஆதாம் பாலத்து மணல்திட்டையும் பார்த்துவிட்டுப் போனார். தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலை அறுந்து நிற்கும் தொழிலாளிக்கு அந்த வலை பெறுமதியானதுதான். வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இழுவைப் படகுப் பிரச்சினை வலைப் பொதியால் தீராது. அது இரண்டு பக்கத்துக் கடற்றொழிலாளரும் இரண்டு அரசுகளும் இருந்து பேசவேண்டிய விஷயம், அதில் பெய்ஜிங் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நாங்கள் சிறியவர்கள், எங்களால் என்ன முடியும் என்று சலித்துக்கொள்ளாதே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உனக்கும் உரியது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டங்களுக்கு அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, முப்பது நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அந்த முப்பது நாளைப் பயன்படுத்தினால் பின்னர் தெருவில் நிற்கும் தேவை குறையும். அடுத்த ஒப்பந்தம் டில்லியிலிருந்து வந்தாலும் பெய்ஜிங்கிலிருந்து வந்தாலும் நான்கு கேள்விகளைத் தமிழில் எழுதிக் கேள்: போட்டி விலைமனு கோரினீர்களா, அலகு விலை என்ன, எத்தனை வருடத்துக்கு, நட்டம் வந்தால் யார் கட்டுவது? பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
சித்தப்பா