'சிஸ்ட்' என்ற ஒரே லேபிள் போதுமா?

சிறுநீரக சி.டி. படங்களை 'நார்மல்', 'சிஸ்ட்', 'கட்டி', 'கல்' என்று நாலாகப் பிரிக்கும் மாடல், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் அடிக்கடி வரும் தலைப்பு. அக்யூரசி பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா 'சிஸ்ட்' என்ற அந்த ஒரு லேபிளுக்குள்ளேயே வேறு வேறு நோய்கள் இருக்கு.

சாதாரண நீர்க்கட்டிக்கு மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த திரவம். அல்ட்ராசவுண்டில் உள்பக்கம் முழுக் கறுப்பு. அதற்குப் பின்னால் உள்ள திசு பளிச்சென்று தெரியும். சி.டி.யில் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுப்படி தண்ணீர் 0. இந்தத் திரவமும் பெரும்பாலும் 0 முதல் 20க்குள் நிற்கும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினாலும் எண் ஏறாது. ஏறினால் உள்ளே ரத்த ஓட்டமுள்ள திசு இருக்கு, புற்றுநோயா என்று பார்க்கணும். இதற்கான தரவரிசையை மார்ட்டன் போஸ்னியாக் 1986இல் வகுத்தார். 2019இல் அது திருத்தப்பட்டது.

பரம்பரையாக வரும் ஏ.டி.பி.கே.டி. வேற கதை. ரெண்டு சிறுநீரகமும் கட்டிகளால் நிறைந்து வீங்கும், கல்லீரலிலும் கட்டிகள் வரலாம். பல வருஷம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் நிறைய கட்டிகள் வரும். ஆனா அவை பெரும்பாலும் சுருங்கிப்போன சிறுநீரகத்தில் இருக்கும். அதனால அளவு முக்கியம். பெரியவர்களின் சிறுநீரகம் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளம். படத்தை கிராப் செய்து 224×224 ஆக்கும்போது அந்த சென்டிமீட்டர் கணக்கே காணாமல் போகுது!

இன்னொரு ஏமாற்று, சிறுநீர் அடைப்பால் வரும் வீக்கம். ஒரே ஸ்லைஸில் தனித்தனி கறுப்பு வட்டங்கள் மாதிரித் தெரியும். அடுத்தடுத்த ஸ்லைஸ்களைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் நடுவிலுள்ள சிறுநீர்ப் பையோடு இணைந்திருக்கும். நம்ம பாஷையில், ஒரே கனெக்டெட் காம்பொனென்ட். நீர்க்கட்டிகள் அப்படி இணையாது.

கடைசியா வயசு. அப்பா அல்லது அம்மாவுக்கு ஏ.டி.பி.கே.டி. இருந்தால் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. அப்படிப்பட்ட குடும்பத்தில் 15 முதல் 39 வயசுக்காரருக்கு அல்ட்ராசவுண்டில் மொத்தம் மூணு கட்டி தெரிந்தாலே நோய் உறுதி. 60 வயசானால் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நாலாவது இருக்கணும், ஏன்னா வயசானால் சாதாரணக் கட்டிகளே வரும். அதே மூணு வட்டம் 25 வயசில் ஒரு பதில், 65இல் வேறு பதில்.

டைகாம் ஃபைலில் வயசுக்கும் பிக்சல் இடைவெளிக்கும் தனி இடம் இருக்கு. ஜேபெக் ஆக மாற்றும்போது வழக்கமா ரெண்டும் போயிடும்.