கணிதப் பட்டம்: இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டியவை

ப்ளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கிய பிள்ளைகள், பி.எஸ்சி. கணிதத்தில் ரியல் அனாலிசிஸ் தாள் வந்ததும் திணறிப்போவதை மாணவனாக இருந்தபோதும் பார்த்தேன், இப்போது கல்லூரி ஆசிரியனாகவும் பார்க்கிறேன். அறிவுக் குறைவு இதற்குக் காரணமே இல்லை. பள்ளியில் கணக்கு என்றால் விடை கண்டுபிடிப்பது. கல்லூரியில் விடை முன்கூட்டியே கையில் இருக்கிறது. தேற்றத்தின் வாசகமே அதுதான். அது ஏன் உண்மை என்று காட்டுவதுதான் நம் வேலை. இந்த மாற்றத்தை முதல் நாளே யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாதபோது பிள்ளைகள் பழைய வினாத்தாள்களைப் புரட்டி, அடிக்கடி வரும் பத்து மார்க் தேற்றங்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதில் பாஸ் ஆகலாம், ரேங்க்கூட வாங்கலாம். ஆனால் பட்டம் முடித்து எழுதும் எந்த நுழைவுத் தேர்விலும் அது கைகொடுக்காது.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பேராசிரியர் கற்றுத்தந்த பழக்கம். தேற்றத்தில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கச் சொன்னார். மூடிய, வரம்புடைய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு தன் பெரும மதிப்பை அங்கே ஓரிடத்தில் அடையும் என்பது எல்லாரும் படிக்கும் தேற்றம். ‘மூடிய’ என்பதை எடுத்துவிடுங்கள்: 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியில், ஒன்றை அந்த எண்ணால் வகுக்கும் சார்பு 0-ஐ நெருங்க நெருங்க மேலே போய்க்கொண்டே இருக்கும், பெரும மதிப்பே கிடையாது. ‘வரம்புடைய’ என்பதை எடுத்துவிடுங்கள்: மெய்யெண் கோடு முழுவதிலும், எண்ணை அப்படியே திருப்பித் தரும் சார்பு போதும். ‘தொடர்ச்சி’யை எடுத்துவிடுங்கள்: 0 முதல் 1 வரை அதே சார்பை வைத்துக்கொண்டு, 1-இல் மட்டும் மதிப்பை 0 என்று மாற்றுங்கள், 1-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும், எட்டாது. இந்த மூன்று எடுத்துக்காட்டுகளையும் சொந்தக் கையால் எழுதியவருக்கு, நிறுவலில் எந்த வரியில் எந்த நிபந்தனை வேலை செய்கிறது என்பது தானாகத் தெரியும். பிறகு மனப்பாடத்துக்கு வேலையில்லை.

புத்தக விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நாராயணன்–மாணிக்கவாசகம் பிள்ளை நூல்களில் கணக்குப் போட்டுப் பழகிய கைக்கு ரூடினும் ஹெர்ஸ்டைனும் முதலில் மிரட்டலாகத் தெரியும். தமிழ்வழியில் படித்து வந்த எனக்கு ஆங்கிலமும் சேர்ந்து மிரட்டியது. ஹெர்ஸ்டைனின் குலக் கோட்பாட்டுப் பயிற்சிக் கணக்கு ஒன்றோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினாலும் அந்த வாரம் வீணில்லை. நான்கு நண்பர்கள் சேர்ந்து காலி வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி ஒருவருக்கொருவர் விளக்குங்கள். தமிழில் விளக்குங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் யாரும் அனாலிசிஸில் அரியர் வைக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு படிப்பவர்கள் எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியர் எஸ். குமரேசன் முன்னின்று 1993-இல் தொடங்கியது. அங்கே ஆசிரியர் பாடம் நடத்திவிட்டுப் போவதில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு மாணவரையே நிறுவலைச் சொல்ல வைப்பார்கள். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு இருக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது.

அந்த நிறுவனத்தை 1989-இல் தொடங்கிய சி.எஸ். சேஷாத்ரி, லயோலா கல்லூரியில் படித்தவர். அவரையும் எம்.எஸ். நரசிம்மனையும் நவீன கணிதத்தின் பக்கம் திருப்பியவர் அங்கே பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன். அவர் வழிகாட்ட இருவரும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. எங்கே போகலாம் என்று சொல்லக்கூடிய ஒரு ஆசிரியர் உங்கள் கல்லூரியிலும் இருப்பார். தேடிப்போய்க் கேளுங்கள்.

வேலை என்றால் ஆசிரியர் பணி ஒன்றே என்று வீட்டில் நினைக்கிறார்கள். பி.எட்., டெட், டி.ஆர்.பி. பாதை எல்லாருக்கும் தெரியும். கல்லூரியில் கற்பிக்க எம்.எஸ்சி.யுடன் நெட் அல்லது செட், இல்லையேல் முனைவர் பட்டம் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களில் ஆக்சுவரியாகப் போக இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் ஏசெட் தேர்வு முதல் படி; அதன்பின் தாள்கள் பல, பொறுமை வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே அலைடு பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் யோசியுங்கள். மென்பொருள் பக்கம் போகிறவர்கள் பைத்தானைப் படிக்கும்போதே நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் விட்டுவிடக் கூடாது. மெஷின் லேர்னிங்கின் அடித்தளமே அவைதான். மொழி ஆறு மாதத்தில் வந்துவிடும், அடித்தளத்துக்கு மூன்று ஆண்டும் தேவை.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நன்றாக நிறுவல் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். வெளியூர் போக வேண்டும் என்பதற்காகவே ஜாம் விண்ணப்பம் போடாமல் நின்றுவிட்ட மாணவிகளை எனக்குத் தெரியும். அந்தத் தேர்வுக்குப் பெண்களுக்குக் கட்டணம் குறைவு, ஐ.ஐ.டி.களில் மாணவியர் விடுதியும் உண்டு. உங்கள் மகள் கணிதத்தில் கெட்டிக்காரி என்று அவள் ஆசிரியர் சொன்னால், அந்தப் படிவத்தை நிரப்ப அவளோடு உட்காருங்கள்.